உரிமத்தை மாற்றினால் விளையாட்டையே புறக்கணிக்க வேண்டுமா? ஈஜிபுரா மேசை வரை எட்டிய 'டி அண்ட் டி' சர்ச்சை

பெங்களூரு: சனிக்கிழமை மாலை. ஒரு மேசை, அதைச் சுற்றி ஐந்து பேர், கைநிறையப் பகடைகள், அனைவருக்கும் பொதுவாக ஒரே ஒரு விதிப்புத்தகம். ஒருவர் கதை சொல்கிறார். மற்ற நால்வரும் அக்கதையின் மாந்தர்களாக மாறி, கோட்டைக் கதவை உடைப்பதா, காவலனிடம் நயமாகப் பேசிப் பார்ப்பதா என்று வாதிடுகின்றனர். முடிவைப் பகடை சொல்கிறது. கோரமங்களாவை ஒட்டியுள்ள ஈஜிபுரா போன்ற பகுதிகளில், அறை பகிர்ந்து தங்கியிருக்கும் இளைஞர்களிடையே 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற இந்த ஆட்டம் இன்று புதிதல்ல.

அந்த மேசைக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் உரிம ஒப்பந்தத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். 2023 ஜனவரியில் அத்தொடர்பு வெளிச்சத்துக்கு வந்தது. இவ்விளையாட்டை வெளியிடும் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனமும் அதன் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவும் பழைய உரிமத்தை மாற்ற முனைந்தபோது, அவர்களின் பொருள்களை வாங்குவதையே நிறுத்த வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்தது. மூன்று வாரங்களில் நிறுவனம் பின்வாங்கியது. ஆயினும், பொழுதுபோக்குக்காக ஆடுபவர் ஒரு பதிப்பாளரைப் புறக்கணிப்பதில் பயன் உண்டா, உண்டெனில் எப்போது என்ற கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை.

எதற்கான உரிமம்?

கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974-ல் முதன்முதலாக வெளியானது. அதன் பதிப்பாளரான டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-ல் விசார்ட்ஸ் வாங்கியது. விசார்ட்ஸை 1999-ல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. அடுத்த ஆண்டே, 2000-ல், மூன்றாம் பதிப்பு வெளியானபோது வணிக உலகில் வழக்கமில்லாத ஒரு முடிவை நிறுவனம் எடுத்தது. விளையாட்டின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து, அவற்றின் மேல் தங்கள் சொந்தக் கதைகளையும் துணைநூல்களையும் எழுதி விற்கலாம் என்று அனுமதித்தது. அந்த அனுமதிச் சீட்டுக்குப் பெயர் 'ஓப்பன் கேம் லைசென்ஸ்', சுருக்கமாக ஓ.ஜி.எல்.

இது தாராள மனத்தால் மட்டும் வந்ததல்ல. இத்தகைய விளையாட்டுக்கு வாரந்தோறும் புதிய கதை தேவை. ஒரே நிறுவனம் அத்தனையையும் எழுதி அச்சிட்டால் கட்டுப்படியாகாது. சிறு பதிப்பாளர்கள் துணைநூல்களை எழுதட்டும், அவற்றை ஆட வேண்டுமானால் எப்படியும் எங்கள் விதிப்புத்தகத்தை வாங்கித்தானே ஆக வேண்டும் என்பதே கணக்கு. இத்திட்டத்தின் சிற்பியாகக் கருதப்படும் ரயன் டேன்சி, இந்த உரிமம் திரும்பப் பெற முடியாததாகவே கருதி எழுதப்பட்டது என்று பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். உரிமத்தில் மாற்றம் வந்தாலும் பழைய வடிவத்தையே தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று நிறுவனமும் தனது கேள்வி-பதில் பக்கத்தில் ஒரு காலத்தில் விளக்கமளித்திருந்தது. அதை நம்பித்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தொழிலே வளர்ந்தது.

இடையில் ஒருமுறை நிறுவனம் பாதை மாறியது. 2008-ல் வந்த நான்காம் பதிப்புக்கு, கட்டுப்பாடுகள் மிகுந்த வேறொரு உரிமத்தைக் கொண்டுவந்தது. அதுவரை நிறுவனத்துடன் நெருக்கமாக இருந்த பைசோ என்ற பதிப்பாளர், பழைய ஓ.ஜி.எல். விதிகளையே அடித்தளமாகக் கொண்டு 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டை வெளியிட்டார். கதவைச் சாத்தியதால் வாசலிலேயே ஒரு போட்டியாளர் முளைத்தார். 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2016-ல் அதன் அடிப்படை விதிகளும் மீண்டும் ஓ.ஜி.எல். கீழ் திறந்துவிடப்பட்டன.

கசிந்த வரைவில் இருந்தது என்ன?

2022 டிசம்பரில் முதலீட்டாளர் நிகழ்வு ஒன்றில் பேசிய ஹாஸ்ப்ரோ, விசார்ட்ஸ் தலைமை நிர்வாகிகள், இவ்விளையாட்டிலிருந்து ஈட்ட வேண்டிய வருவாய் இன்னும் முழுமையாக ஈட்டப்படவில்லை என்ற பொருளில் கருத்துத் தெரிவித்தனர். ஆடுபவர்களில் கதை நடத்துபவர்கள் ஏறத்தாழ 20 சதவீதமே என்றும், ஆனால் பணம் செலவிடுவோரில் பெரும்பகுதி அவர்களே என்றும் அங்கு கூறப்பட்டது. ஐந்து பேர் கொண்ட மேசையில் ஒருவர் மட்டும் புத்தகம் வாங்குகிறார் என்பதைத்தான் அவர்கள் வேறு சொற்களில் சொன்னார்கள். ஈஜிபுரா மேசையிலும் நிலைமை அதுவே.

அடுத்த மாதமே, ஜனவரி 5-ஆம் தேதி, 'ஓ.ஜி.எல். 1.1' என்ற புதிய உரிமத்தின் வரைவு ஊடகத்தில் கசிந்தது. பழைய உரிமம் இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று அது கூறியது. ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் தங்கள் வருவாய் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். 7,50,000 டாலரைத் தாண்டினால், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதத்தை ராயல்டியாகச் செலுத்த வேண்டும். கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாகத் திரட்டினால் 20 சதவீதம்.

இந்த 25 சதவீதம் இலாபத்தின் மீது அல்ல, வருவாயின் மீது விதிக்கப்படுவது. 10 லட்சம் டாலர் விற்பனை செய்யும் பதிப்பாளர் 62,500 டாலர் கட்ட வேண்டும். அச்சுக்கூலி, ஓவியர் ஊதியம், கப்பல் கட்டணம் போக அவரிடம் அவ்வளவு மிஞ்சியதா என்பதை உரிமம் கேட்கவில்லை.

எனினும் செய்திகளில் பெரிதாக அடிபட்ட ராயல்டி, பெரும்பாலான படைப்பாளிகளைத் தொடவே போவதில்லை. அறையில் அமர்ந்து, பூம்புகார்த் துறைமுகத்தைக் களமாகக் கொண்டு ஒரு சாகசக் கதையை எழுதி, அதை மின்னூலாகச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 6 கோடி அவருக்குக் கனவிலும் வராத தொகை. அவரை உண்மையில் அச்சுறுத்தியவை வேறு இரண்டு விதிகள். நிறுவனம் 30 நாள் அறிவிப்பில் உரிமத்தை மாற்றலாம் என்பது ஒன்று. அவர் எழுதியதை நிறுவனம் கட்டணமின்றி, நிரந்தரமாக, உலகெங்கும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை பெறும் என்பது மற்றொன்று. அவரது பூம்புகாரை நிறுவனம் தன் நூலில் அச்சிட்டு விற்றாலும் அவர் ஒரு பைசா கேட்க முடியாது. சில கோடி ரூபாய் பெரிய பதிப்பாளர்களின் கவலை. சிறியவரின் கவலை தான் எழுதியது தன்னுடையதுதானா என்பதே.

22 நாள்கள்

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. வரைவை எதிர்க்கும் திறந்த மடலில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டனர். ஜனவரி 12-ல், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத புதிய பொது உரிமம் ஒன்றை உருவாக்கப் போவதாக பைசோ அறிவித்தது. பல பதிப்பாளர்கள் அதில் சேர்ந்தனர். கோபோல்ட் பிரஸ் தன் சொந்த விதித்தொகுப்பை எழுதத் தொடங்கியது.

ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த இடம் கவனிக்கத்தக்கது. 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற இணையச் சேவையை 2022-ல் 14 கோடியே 63 லட்சம் டாலருக்கு ஹாஸ்ப்ரோ வாங்கியிருந்தது. மாதச் சந்தா கட்டி விதிகளையும் பாத்திரக் குறிப்புகளையும் அதில் வைத்துக்கொள்ளலாம். புத்தகம் வாங்காதீர்கள் என்று சொன்னால் அதன் விளைவு தெரிய ஒரு காலாண்டாகும், அப்போதும் விற்பனை குறைந்தது எதனால் என்று நிறுவனம் வேறு காரணம் தேடும். சந்தாவை ரத்து செய்தால் அன்று மாலையே கணக்கில் தெரியும். ஆகவே, அந்தச் சந்தாவை ரத்து செய்யும்படி அழைப்பு விடுக்கப்பட்டது. ரத்து செய்ய முனைந்தோரின் எண்ணிக்கையால் அதற்கான பக்கமே திணறியதாகச் செய்திகள் வெளியாயின.

நேரமும் நிறுவனத்துக்குச் சாதகமாக இல்லை. மார்ச் மாத இறுதியில் இவ்விளையாட்டை அடிப்படையாகக் கொண்ட பெரும் பொருட்செலவிலான திரைப்படம் வெளியாகவிருந்தது. ஜனவரி 13-ல் நிறுவனம் அரைமனதாகப் பின்வாங்கியது. 19-ல் ராயல்டியை நீக்கிய புதிய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். அவர்களில் 88 சதவீதத்தினர் அந்த உரிமத்தின் கீழ் வெளியிட விரும்பவில்லை என்றும், 89 சதவீதத்தினர் பழைய உரிமத்தை நீக்குவதை ஏற்கவில்லை என்றும் நிறுவனமே வெளியிட்ட முடிவுகள் காட்டின. 27-ஆம் தேதி, பழைய உரிமம் அப்படியே நீடிக்கும் என்று அறிவித்ததுடன், சுமார் 400 பக்க அடிப்படை விதித்தொகுப்பையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. இந்த உரிமத்தை ஒருமுறை வழங்கிவிட்டால், வழங்கியவரே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது எனலாம்.

இதற்கிடையே, எட்டு மாதத்துக்குப் போதும் என்று எண்ணியிருந்த பாத்ஃபைண்டர் விதிப்புத்தகங்கள் இரண்டே வாரங்களில் விற்றுத் தீர்ந்ததாக பைசோ தெரிவித்தது. போவதற்கு வேறு இடம் இருந்ததும் புறக்கணிப்புக்குப் பலம் சேர்த்தது.

கொல்கத்தாவில் தொடங்கிய முன்கதை

ஹாஸ்ப்ரோவுடன் ஆட்டக்காரர்கள் மோதியது இதுவே முதன்முறையல்ல. முந்தைய மோதலின் நடுவில் இருந்தவர்கள் இந்தியர்கள்.

கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜயந்த் அகர்வாலா சகோதரர்கள் 'ஸ்கிராபிள்' சொல் விளையாட்டைப் போன்ற ஒன்றை இணையத்தில் உருவாக்கி, 'ஸ்கிராபுலஸ்' என்று பெயரிட்டு 2007-ல் ஃபேஸ்புக்கிலும் இணைத்தனர். நாளொன்றுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடும் அளவுக்கு அது வளர்ந்தது. ஸ்கிராபிள் உரிமை அமெரிக்கா, கனடாவில் ஹாஸ்ப்ரோவிடமும் பிற நாடுகளில் மேட்டல் நிறுவனத்திடமும் இருந்தது. 2008 ஜூலையில் ஹாஸ்ப்ரோ நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. அம்மாத இறுதியில் அமெரிக்கா, கனடா பயனர்களுக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. மேட்டல் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

ஸ்கிராபுலஸைக் காப்பாற்றுங்கள் என்று அப்போதும் பல்லாயிரம் பேர் ஃபேஸ்புக் குழுக்களில் திரண்டனர். கோபத்தில் குறைவில்லை. ஆனால் அவர்கள் இலவசமாக ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஹாஸ்ப்ரோவுக்கு அவர்கள் மாதந்தோறும் கொடுத்துவந்த பணம் எதுவும் இல்லை, ஆகவே நிறுத்திவைக்கவும் எதுவும் இல்லை. ஸ்கிராபிள் பலகையை ஒரு குடும்பம் வாங்குவது வாழ்நாளில் ஒருமுறை. நிறுவனம் அசையவில்லை. 2008-க்கும் 2023-க்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கோபத்தின் அளவில் தேடுகின்றனர். அது சந்தாவில் இருந்தது.

டெல்லியில் மட்டும் வேறொரு முடிவு கிடைத்தது. 2008 செப்டம்பரில் நீதிபதி எஸ்.ரவீந்திர பட் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயர் மேட்டலின் வணிகச் சின்னத்தை மீறுவதாகக் கூறி அப்பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பலகை மீதும் விதிகள் மீதும் கோரப்பட்ட பதிப்புரிமையையோ அவர் ஏற்கவில்லை. ஒரு விளையாட்டின் விதியையும் அதைச் சொல்லும் முறையையும் பிரிக்க முடியாதபோது அதற்குப் பதிப்புரிமை தந்தால், அந்த விளையாட்டின் மீதே ஒருவருக்கு ஏகபோகம் தந்ததாகிவிடும் என்பது தர்க்கம். சகோதரர்கள் பெயரையும் பலகையையும் மாற்றி 'லெக்சுலஸ்' என்று தொடர்ந்தனர். அமெரிக்க வழக்கும் ஆண்டு முடிவதற்குள் சமரசத்தில் முடிந்தது.

தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் உரிமையாளர் இல்லை என்பதை அறிந்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. பகடையை உருட்டி, வந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டி, இலக்கை எட்டினால் வெற்றி என்பது ஒரு முறை. அம்முறையை எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. விதிப்புத்தகத்தின் வாசகங்கள், ஓவியங்கள், கதைமாந்தர்கள், பெயர்கள் ஆகியவற்றுக்குத்தான் பாதுகாப்பு உண்டு. அப்படியானால் ஓ.ஜி.எல். எதற்கு என்ற கேள்வி எழும். எல்லைக்கோடு எங்கே என்று வழக்காடித் தெரிந்துகொள்ளும் செலவிலிருந்து அது சிறியவர்களைக் காத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தலைமையகம் கொண்ட நிறுவனத்துடன், பெங்களூருவில் இருந்துகொண்டு, ஒரு மின்னூலுக்காக யார் வழக்காட முடியும்? சட்டம் பக்கத்தில் இருந்தாலும் நீதிமன்றம் தொலைவில் இருக்கிறது. உரிமம் ஒருவகையில் அமைதி ஒப்பந்தம். அதைத் தன்னிச்சையாக முறிக்க முயன்றதே 2023-ன் குற்றச்சாட்டு.

யாரைப் புறக்கணிப்பது?

ஹாஸ்ப்ரோவின் அனைத்தையும் விலக்குவோம் என்ற அழைப்பு கேட்பதற்கு எளிது, செயலில் குழப்பமானது. எம்.ஆர்.எஃப். குழுமம் ஹாஸ்ப்ரோவுடன் இணைந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் நிறுவனத்துக்கு ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை உண்டு. குழந்தைக்கு வாங்கும் பொம்மையை ஒருவர் திருப்பி வைத்தால், அது உரிம வரைவுக்கான எதிர்ப்பு என்று யாருக்கும் புரியப்போவதில்லை.

நிறுவனம் வெளியிடும் நூல்களுக்குப் பின்னாலும் வெளியாட்களின் உழைப்பு இருக்கிறது. 2022-ல் விசார்ட்ஸ் வெளியிட்ட 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில், கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல் எழுதிய சாகசம் ஒன்று இடம்பெற்றது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டைகளில் சுழன்ற விளையாட்டில் வங்காளத்தின் ஆறும் காடும் நுழைந்தது அந்நூலின் வழியாகத்தான். அந்நூலை அலமாரியிலேயே விட்டுவருவதால் தண்டிக்கப்படுவது யார் என்பதையும் எண்ண வேண்டியுள்ளது.

இந்திய ஆட்டக்காரரின் பணபலத்தையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. நான்காயிரம் ரூபாய் அளவுக்கு விலையேறும் இறக்குமதிப் புத்தகத்தை மேசைக்கு ஒன்று வாங்குவதே இங்கு பெரிது. சந்தா கட்டாதவர் சந்தாவை ரத்து செய்ய முடியாது. அந்த வகையில் நம்மவரில் பலர் ஸ்கிராபுலஸ் ஆடியவர்களின் நிலையிலேயே இருக்கின்றனர். ஆயினும் அந்த ஒற்றைப் புத்தகத்தை வாங்குபவர் யார் என்பதை மறக்கலாகாது. நிறுவனமே ஒப்புக்கொண்டபடி, கதை நடத்துபவர்தான் வாடிக்கையாளர். அடுத்த ஆட்டத்துக்கு எந்த விதியைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்பவரும் அவரே. அவர் பாத்ஃபைண்டருக்கு மாறினால் நால்வர் உடன் மாறுகின்றனர், அடுத்து அவர்களிடம் கற்றுக்கொள்பவரும் அதையே கற்கிறார். இது ஒரு மாதத்தில் கணக்கில் தெரியாது. 2009-க்குப் பிறகு பைசோ வளர்ந்த விதம் இதுவே.

இதே 2023-ன் செப்டம்பரில் கணினி விளையாட்டுத் துறையிலும் ஏறத்தாழ இதே நாடகம் நடந்தது. யூனிட்டி நிறுவனம், தன் மென்பொருளால் உருவான விளையாட்டுகள் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்தது. விளையாட்டுகளை உருவாக்குவோர் கொதித்தனர். பத்து நாளில் திட்டம் தளர்த்தப்பட்டது, அடுத்த மாதம் தலைமை நிர்வாகி விலகினார், 2024 செப்டம்பரில் அக்கட்டணமே கைவிடப்பட்டது. அங்கும் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேறு மென்பொருளுக்கு மாற முடியும் என்ற நிலை இருந்தது.

கோரிக்கை நிறைவேறிய பின்னரும் புறக்கணிப்பைத் தொடர்ந்தவர்கள் உண்டு. நம்பிக்கை போய்விட்டது என்பது அவர்களின் வாதம், அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. 2023 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ 1,100 பேரைப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தது அவர்களின் மனத்தை மேலும் கசக்கச் செய்தது. ஆனால் ஆட்குறைப்பை எதிர்த்தும், விலையை எதிர்த்தும், உரிமத்தை எதிர்த்தும் ஒரே புறக்கணிப்பு நடக்கும்போது, எதைச் செய்தால் அது முடிவுக்கு வரும் என்று நிறுவனத்துக்கே தெரிவதில்லை. 2023 ஜனவரியில் கோரிக்கை ஒற்றை வரியில் இருந்தது: பழைய உரிமத்தைத் தொடாதே.

இப்போதைய நிலை

பைசோ அறிவித்த பொது உரிமம் 2023 ஜூனில் இறுதி வடிவம் பெற்றது. 2024-ல் திருத்தப்பட்ட ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளையும் 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே விசார்ட்ஸ் வெளியிட்டது. இவ்விரு விதித்தொகுப்புகளையும் எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம், அவற்றை வைத்து எழுதியதை விற்கலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுவதற்கும் இவ்வுரிமத்தில் தடையில்லை.

விளையாட்டின் வணிகப் பெயரும் சின்னமும், இத்தொகுப்பில் சேராத கதையுலகங்களும் ஓவியங்களும் இதில் அடங்கா. பூம்புகார்ச் சாகசத்தை எழுதுபவர், தம் நூலின் அட்டையில் 'ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது' என்று அச்சிட்டுக்கொள்ளலாம். 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற சின்னத்தை அங்கே பொறிக்க அவருக்கு இன்னும் உரிமையில்லை.